வராந்தாவில் வரைந்த முப்பத்து நான்கு அடிக் கோடு

ஆளுமைகளை அறிமுகப்படுத்தும் பாடவேளை என்றாலே எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒருவரின் வறுமையில் தொடங்குவேன், உழைப்பைச் சொல்வேன், வெற்றியில் முடிப்பேன். மாணவர்கள் கைதட்டுவார்கள், மணி அடிக்கும். இப்படி நாற்பது நிமிடத்தில் சொல்லி முடித்த ஒரு வாழ்க்கை வரலாறு, எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனைப் பள்ளியை விட்டு வெளியே தள்ளப் பார்த்தது. அதைச் சரிசெய்ய எனக்கு மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கு மட்டுமல்லாமல் கணக்கு, அறிவியல், உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் இதில் எடுத்துக்கொள்ளச் சில இருக்கலாம்.

நான் சொன்ன கதை, கிரிக்கெட் வீரர் தங்கராசு நடராஜனுடையது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி அவருடைய ஊர். சேலத்திலிருந்து மேற்கே ஏறத்தாழ 36 கிலோமீட்டர். மோகனூரிலிருந்து கிளம்பினால் காலையில் போய்விட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம். அப்பா தங்கராசு விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்த்தவர். அம்மா சாந்தா சாலையோரத்தில் கோழிக்கறிக் கடை நடத்தியவர். அரசுப் பள்ளியில் படித்து, டென்னிஸ் பந்தில் ஊர் ஊராக ஆடிய பையன், ஒரே ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் ஒருநாள், இருபது ஓவர், டெஸ்ட் ஆகிய மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். இந்தியர்களில் அப்படி அறிமுகமான முதல் ஆள் அவர்தான். எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிடப் பொருத்தமான கதை ஏது என்றுதான் நினைத்தேன்.

சொன்னது ஒரு வெள்ளிக்கிழமை. அடுத்த திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் கடைசி பெஞ்சில் ஓர் இடம் காலியாக இருந்தது. இடக்கைப் பழக்கமுள்ள பையன் அவன். சுமாராகப் படிப்பான், ஆனால் வேகமாகப் பந்து வீசுவான். கோடையில் காவிரியில் தண்ணீர் வற்றினால் ஆற்று மணலில் ஸ்டம்ப் நட்டுவிடும் கூட்டத்தில் அவன்தான் முதல் ஆள். புதன் மாலை அவன் வீட்டுக்குப் போனேன். கரும்பு வெட்டிவிட்டு வந்திருந்த அவன் அம்மா, "மாமன்கூட நாமக்கல்லுல லாரி பாடி கட்டற பட்டறைக்குப் போறானுங்க சார். ஞாயித்துக்கெளம டோர்னமெண்ட் ஆடறானாம். நீங்கதான் சொன்னீங்களாம், நடராஜன் டென்னிஸ் பால் ஆடித்தான் பெரிய ஆளானாருன்னு" என்றார். அந்த அம்மாவின் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அதனால்தான் அது அதிகம் உறைத்தது.

நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லைதான். ஆனால் எதைச் சொல்லாமல் விட்டேன் என்று அன்றிரவு உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். விட்டதுதான் அதிகமாக இருந்தது.

தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருந்த ஒரு அம்மாவும் பேசியதில் பையன் திங்கட்கிழமை வந்தான். "மூணு வாரம் மட்டும் வா, அதுக்கப்புறம் பேசிக்கலாம்" என்றேன். அந்த மூன்று வாரமும் நடராஜன்தான் பாடம். இந்த முறை முன்பு விட்டதையெல்லாம் சேர்த்துச் சொல்வது என்று முடிவு செய்திருந்தேன்.

முதல் நாள் கரும்பலகையைத் தொடவில்லை. வராந்தாவில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு நேர்கோடு போட்டோம். ஓர் ஆண்டுக்கு ஓர் அடி. நடராஜன் பிறந்த 1991 ஒரு முனையில். அங்கிருந்து 2025 வரை முப்பத்து நான்கு அடி. வராந்தா போதாமல் கடைசி அடி படிக்கட்டில் இறங்கியது. கணக்கு ஆசிரியர் அளவுகோலோடு வந்து நின்றுகொண்டார். நான் ஒவ்வொரு நிகழ்வாகச் சொல்ல, மாணவர்கள் அந்தந்த இடத்தில் கூழாங்கல் வைத்தார்கள்.

முதல் இருபது அடியில் கிட்டத்தட்ட கல்லே இல்லை. இருபது வயது வரை அவர் ஆடியது டென்னிஸ் பந்துதான். அந்த நாட்களில் அவரைக் கவனித்தவர் அதே ஊரைச் சேர்ந்த ஜெயப்பிரகாஷ். சின்னப்பம்பட்டியில் அணி நடத்திய அவர்தான் நடராஜனைச் சென்னைக்குக் கூட்டிப்போனார். சென்னை லீக்கில் நான்காம் பிரிவில் பி.எஸ்.என்.எல். அணி, பிறகு படிப்படியாக ஜாலி ரோவர்ஸ். நடராஜன் பின்னாளில் தன் ஆட்டச் சட்டையில் 'ஜே.பி. நட்டு' என்று போட்டுக்கொண்டதில் அந்த ஜே.பி. இவர்தான். முந்தைய வெள்ளிக்கிழமை நான் சொன்ன கதையில் இந்த மனிதருக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் கொடுத்திருந்தேன். இந்த முறை மாணவர்களே கேட்டார்கள்: "அவரு இல்லாட்டி சார்?" நான் பதில் சொல்லவில்லை. கோட்டிலிருந்து அந்த ஒரு கல்லை எடுத்துவிட்டு, மற்ற கற்கள் இருக்குமா என்று அவர்களையே பார்க்கச் சொன்னேன்.

இருபத்து நான்காம் அடியில், அதாவது 2015 ஜனவரியில், கொல்கத்தா ஈடன் கார்டனில் வங்காளத்துக்கு எதிராகத் தமிழ்நாட்டுக்கு முதல் ரஞ்சி ஆட்டம். பெரிய கல் வைத்தார்கள். அடுத்த கல்லை நான் கொடுத்தேன், கறுப்புக் கல். முதல் ஆட்டத்திலேயே அவர் பந்து வீசும் முறை ஐயத்துக்குரியது என்று புகார் ஆனது. இருபத்து மூன்று வயதில், வாழ்க்கையே பந்து வீச்சு என்று வந்தவரிடம் உன் வீச்சே தப்பு என்று சொல்லிவிட்டார்கள். வகுப்பில் ஒரு அமைதி. நம் தெருக் கிரிக்கெட்டில் இதற்குப் பெயர் 'மாங்கா'. கல்லெறிந்து மாங்காய் அடிப்பதுபோல முழங்கையை மடக்கி நீட்டி எறிவது. "மாங்காவா சார் அவரு?" என்று முன்வரிசையில் ஒருத்தி கேட்டாள்.

இந்த இடத்தில் அறிவியல் ஆசிரியரை அழைத்தேன். சர்வதேச கிரிக்கெட் குழுவின் விதிப்படி, பந்தை வீசும்போது கை தோள் மட்டத்துக்கு வந்ததிலிருந்து பந்து விடுபடும் வரை முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிரக்கூடாது. கோணமானியை எடுத்து 15 பாகை எவ்வளவு சிறியது என்று ஒவ்வொருவரும் நோட்டில் வரைந்தார்கள். பிறகு மைதானத்தில் ஐந்து பேரைப் பந்து வீசவைத்துக் கைபேசியில் மெதுவாக ஓடும் காணொளியாக எடுத்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தின் பெரிய திரையில் போட்டதும் சிரிப்பு. ஐந்தில் மூன்று பேர் மாங்கா. அதில் ஒருவன் நம் இடக்கைப் பையன். சிரிப்பு நின்றபோது அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். டென்னிஸ் பந்தில் இதை யாரும் அவனுக்குச் சொன்னதில்லை. அந்தப் போட்டிகளில் நடுவர் அதைப் பார்ப்பதும் குறைவு.

நடராஜன் என்ன செய்தார்? ஓராண்டுக்கு மேல் ஆட்டத்தைவிட்டு விலகியிருந்து, தமிழ்நாட்டுப் பயிற்றுநர்கள் சுனில் சுப்ரமணியன், வாசு, வெங்கட்ரமணா போன்றோர் உதவியுடன் வீச்சை அடியிலிருந்து மாற்றிக் கட்டினார். கையெழுத்தை இருபத்து மூன்று வயதில் மாற்றுவதுபோல என்று நான் சொன்னேன். அதைவிடக் கடினம் என்று உடற்கல்வி ஆசிரியர் திருத்தினார். உடம்பு மறக்காது, அதை மறக்கவைக்கத் தினமும் நூறு முறை வேறு மாதிரி செய்யவேண்டும் என்றார். அவர் சொன்னதுதான் சரி.

இங்கே இன்னொரு கணக்கும் செய்தோம். டென்னிஸ் பந்தின் எடை 58 கிராம் அளவு. கிரிக்கெட் பந்து 156 முதல் 163 கிராம். ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு. இரண்டையும் கையில் கொடுத்துக் கண்ணை மூடச் சொன்னால் போதும், விளக்கமே தேவையில்லை. ஓர் எறிபந்து வீரனுக்கும் குண்டு எறிபவனுக்கும் தோள் எப்படி வேறோ, அப்படி வேறு. டென்னிஸ் பந்திலிருந்து நேராக இந்தியா என்று நான் சொன்னதில் இந்த இரண்டே முக்கால் மடங்கு விடுபட்டிருந்தது.

2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியபோது திண்டுக்கல் டிராகன்ஸ் அணிக்கு ஆடினார். தூத்துக்குடி அணிக்கு எதிரான ஆட்டம் சமனாகிச் சூப்பர் ஓவர் வந்தபோது ஆறு பந்தும் யார்க்கர். இதை எல்லாரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். யார்க்கர் ஏன் அவ்வளவு கடினம் என்பதைத்தான் யாரும் கேட்டதில்லை. ஏழாம் வகுப்பு வேகம்-நேரக் கணக்கு போதும். மணிக்கு 135 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 37.5 மீட்டர். வீசுபவர் கால்வைக்கும் கோட்டிலிருந்து மட்டையாளரின் கோடு வரை 58 அடி, அதாவது 17.68 மீட்டர். வகுத்தால் 0.47 நொடி. காற்றில் வேகம் குறையுமே என்று ஒரு மாணவி கேட்டாள். சரியான கேள்வி. குறையும், எனவே விடை கொஞ்சம் கூடும். இருந்தாலும் அரை நொடிதான். அந்த அரை நொடிக்குள் பந்து மட்டையாளரின் கால்விரல் அருகே ஒரு நோட்டுப்புத்தக அகலத்துக்குள் விழவேண்டும். அரையடி முன்னே போனால் முழு டாஸ், அரையடி பின்னே விழுந்தால் தூக்கி அடித்துவிடுவார்கள். மைதானத்தில் பழைய காலணி ஒன்றை வைத்து, ஒவ்வொருவருக்கும் ஆறு பந்து கொடுத்தோம். வகுப்பில் முப்பத்தாறு பேர். 216 பந்தில் காலணியைத் தொட்டது ஒன்பது. இதை நிகழ்தகவுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று கணக்கு ஆசிரியர் குறித்துக்கொண்டார்.

கோட்டில் இருபத்தாறாம் அடி, 2017. ஐ.பி.எல். ஏலத்தில் அடிப்படை விலை 10 லட்சம் என்று இருந்தவரைப் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. முப்பது மடங்கு. வகுப்பில் விசில். ஆனால் அந்த ஆண்டு ஆறு ஆட்டம், இரண்டே விக்கெட். மொழி தெரியாத அணியில் பேசக்கூட ஆளில்லாமல் இருந்ததை அவரே பின்னர் சொல்லியிருக்கிறார். அடுத்த ஆண்டு ஐதராபாத் அணி எடுத்தது 40 லட்சத்துக்கு. மூன்று கோடியிலிருந்து நாற்பது லட்சம் என்றால் எத்தனை விழுக்காடு குறைவு? சுமார் 87. அங்கே 2018, 2019 இரண்டு ஆண்டும் ஓர் ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. வராந்தாக் கோட்டில் இரண்டு முழு அடி வெறுமையாகக் கிடந்தது. மாணவர்கள் அதில் கல் வைக்க ஏதாவது இருக்கிறதா என்று தேடினார்கள். இருந்தது ஒன்றே ஒன்று, அந்த அணியின் பந்துவீச்சுப் பயிற்றுநர் முத்தையா முரளிதரன், தமிழ் பேசுபவர்.

மொழிப்பாட ஆசிரியர்களுக்கு ஒரு செய்தி. 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இருபது ஓவர் தொடர் முடிந்ததும் தொலைக்காட்சிக்காக முரளி கார்த்திக் நடராஜனிடம் பேட்டி எடுத்தார், தமிழில். சர்வதேச ஒளிபரப்பில் தமிழில் கேள்வி, தமிழில் பதில். ஆங்கிலம் வராவிட்டால் வெளியே வாய் திறக்க முடியாது என்று கூச்சப்படும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னேன். கூடவே, பஞ்சாபில் அவர் பட்ட தனிமையையும் சொன்னேன். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கக்கூடாது என்பதில் இப்போது கவனமாக இருந்தேன்.

இரண்டாம் வாரம் முழுக்க ஆஸ்திரேலியா. 2020 ஐ.பி.எல். ஐக்கிய அரபு நாட்டில் நடந்தபோது 16 ஆட்டத்தில் 16 விக்கெட், டி வில்லியர்ஸின் ஸ்டம்பைச் சாய்த்த அந்த யார்க்கர் உட்பட. ஆனாலும் ஆஸ்திரேலியாவுக்கு அவர் போனது வலைப்பயிற்சியில் பந்து வீச. கூடுதல் பந்துவீச்சாளர்கள் நான்கு பேரில் ஒருவர். வருண் சக்ரவர்த்தி காயத்தால் விலக, இருபது ஓவர் அணியில் இடம். பிறகு ஒருநாள் அணியில் மாற்று ஆள். டிசம்பர் 2, கான்பெரா, முதல் ஒருநாள் ஆட்டம். முதல் விக்கெட் லபுஷேன். இரண்டு நாள் கழித்து அதே ஊரில் முதல் இருபது ஓவர் ஆட்டம், 30 ரன்னுக்கு 3 விக்கெட். பிறகு பும்ரா, ஷமி, உமேஷ், அசுவின், ஜடேஜா என்று ஒவ்வொருவராக அடிபட, 2021 ஜனவரி 15 அன்று பிரிஸ்பேன் காபா மைதானத்தில் டெஸ்ட் தொப்பி. அது இந்தியாவின் 300ஆவது தொப்பி. அதே காலையில் 301ஆவது தொப்பி வாசிங்டன் சுந்தருக்கு. இருவரும் தமிழ்நாடு.

அன்று மாட்டுப் பொங்கல். நம் கடிகாரத்தில் காலை 5.30, மாட்டைக் குளிப்பாட்டும் நேரம். அங்கே மணி பத்து. ஏன்? தீர்க்கக்கோடு பாடத்தை இதைவிட எளிதாக நான் நடத்தியதில்லை. நம் திட்ட நேரக் கோடு 82½ பாகை கிழக்கு, அவர்களுடையது 150 பாகை. வித்தியாசம் 67½. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்றால் 270 நிமிடம், நான்கரை மணி. நம் மார்கழிப் பனியில் அங்கே ஏன் வெயிலில் ஆடுகிறார்கள் என்ற கேள்வி தானாக வந்தது, பருவகாலப் பாடமும் அங்கேயே முடிந்தது.

மைதானத்தின் மேலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து ஒரு பையன் கேட்டான்: "கிரவுண்டு ஏனுங்க சார் முட்டையாட்டம் இருக்குது?" நான் தயாரிக்காத கேள்வி. மறுநாள்தான் சொல்ல முடிந்தது. காபா, மெல்பர்ன், கான்பெராவின் மனுகா போன்ற மைதானங்களில் கோடையில் கிரிக்கெட், குளிர்காலத்தில் ஆஸ்திரேலியக் கால்பந்து. இது நம் கால்பந்து அல்ல. பக்கத்துக்கு 18 பேர், முட்டை வடிவப் பந்து, உதைக்கலாம், கையால் குத்திக் கொடுக்கலாம், எறியக்கூடாது. இரு முனையிலும் நான்கு நான்கு கம்பம். நடுக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் 6 புள்ளி, பக்கத்தில் போனால் 1. அந்த ஆட்டத்தைத் தொடங்கியதில் முதன்மையானவர் டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட் வீரர். குளிர்காலத்தில் கிரிக்கெட்காரர்கள் உடம்பு கெடாமல் இருக்க ஓர் ஆட்டம் வேண்டும் என்று 1858இல் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டு மே மாதம் மெல்பர்னில் விதிகள் எழுதப்பட்டன. அதே வில்ஸ் பின்னர், 1866இல், பழங்குடி மக்களின் கிரிக்கெட் அணிக்குப் பயிற்சியும் கொடுத்தார். ஆக, அந்த நாட்டின் கால்பந்தே கிரிக்கெட் மைதானத்தில், கிரிக்கெட்காரர்களுக்காகப் பிறந்தது. உடற்கல்வி ஆசிரியர் ஒரு பழைய பந்தைப் பாதி காற்றோடு நசுக்கி முட்டையாக்கிக் கொடுத்தார். அது எங்கே குதிக்கும் என்று அந்தப் பந்துக்கே தெரியவில்லை. அந்த ஒரு பாடவேளை வேறு எதற்கும் உதவவில்லை, ஆனால் அதன் பிறகு அந்தப் பையன் கேள்வி கேட்பதை நிறுத்தவே இல்லை.

காபாவில் முதல் இன்னிங்சில் நடராஜன் 78 ரன்னுக்கு 3 விக்கெட். ஐந்தாம் நாள், ஜனவரி 19, இந்தியா 328 ரன்னைத் துரத்தி மூன்று விக்கெட்டில் வென்றது. 1988க்குப் பிறகு ஆஸ்திரேலியா அந்த மைதானத்தில் டெஸ்டில் தோற்றதே இல்லை. நம்மில் பலருக்கு அந்த நாள் வேறொரு காரணத்துக்காகவும் நினைவிருக்கும். பெருந்தொற்றால் பத்து மாதம் மூடிக்கிடந்த பள்ளிகள் பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளுக்காக அன்றுதான் திறந்தன. வாசலில் வெப்பமானியோடு நின்று, சத்து மாத்திரை கொடுத்து, பெஞ்சுக்கு இருவராக உட்காரவைத்தோம். மதிய உணவு இடைவேளையை ஒட்டித்தான் பந்த் கடைசி ரன்னை அடித்தார். கோப்பையை ரகானே நடராஜன் கையில் கொடுத்தார். இரண்டு நாளில் சின்னப்பம்பட்டியில் குதிரை பூட்டிய சாரட்டில் ஊர்வலம்.

இங்கேதான் முன்பு நான் கதையை முடித்திருந்தேன். கோட்டில் அது முப்பதாம் அடி. இன்னும் நான்கு அடி மிச்சமிருந்தது.

மூன்றாம் வாரம் அந்த நான்கு அடியைப் பற்றி. 2021 மார்ச் 28, புனே, இங்கிலாந்துக்கு எதிரான ஒருநாள் ஆட்டம். கடைசி ஓவரில் 14 ரன் தேவை, எதிரே 95 ரன்னை நெருங்கி நின்ற சாம் கரன். பந்து நடராஜன் கையில். இந்தியா 7 ரன்னில் வென்றது. அதுதான் அவர் இந்தியாவுக்கு ஆடிய கடைசி ஆட்டம். அடுத்த மாதம் முழங்காலில் அறுவைச் சிகிச்சை. மீண்டு வந்தபோது கொரோனா. ஒரு டெஸ்ட், இரண்டு ஒருநாள், நான்கு இருபது ஓவர். மொத்தம் ஏழு ஆட்டம், 13 விக்கெட்.

2020 டிசம்பர் 2 முதல் 2021 மார்ச் 28 வரை எத்தனை நாள் என்று கேட்டேன். விரல்விட்டு எண்ணி 117 என்றார்கள். ஓர் ஆண்டுக்கு ஓர் அடி என்றால் 117 நாளுக்கு எவ்வளவு? நான்கு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. அந்த இடத்தைச் சிவப்புக் கட்டியால் தேய்க்கச் சொன்னேன். இடக்கைப் பையன்தான் தேய்த்தான். தேய்த்து முடித்துத் தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தான். கை அதைவிடப் பெரிதாக இருந்தது. எழுந்து கோட்டின் தொடக்கம் வரை நடந்துபோய், அங்கிருந்து திரும்பிப் பார்த்தான். யாரும் எதுவும் சொல்லவில்லை.

இதை எழுதும்போது ஓர் அச்சம் உண்டு. இப்படிச் சொன்னால் பிள்ளைகளின் கனவை நாமே உடைக்கிறோமா? வகுப்பில் நடந்தது வேறு. "அப்ப அவரு தோத்துட்டாருங்களா சார்?" என்று ஒருத்தி கேட்க, மற்றவர்களே சண்டைக்கு வந்தார்கள். அவர்கள் கையில் இப்போது தரவு இருந்தது. 2022இல் அவரை 4 கோடிக்கு எடுத்தார்கள், 11 ஆட்டத்தில் 18 விக்கெட். 2024இல் 14 ஆட்டத்தில் 19 விக்கெட். 2025க்கு டெல்லி அணி 10.75 கோடி. எடுத்த ஆண்டு பெரும்பாலும் வெளியே உட்கார்ந்திருந்தார் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். ஆண்டு வாரியாக விலையை வரைபடமாகப் போட்டதில் கோடு ஏறி, விழுந்து, படுத்து, மறுபடி ஏறியது. "இதுல எந்த எடத்துலங்க சார் அவரு ஜெயிச்சாரு?" என்று கேட்டான் முட்டை மைதானக் கேள்விக்காரன். பெரும்பாலானோர் காபாவைக் காட்டினார்கள். சிலர் வீச்சை மாற்றிய 2015ஐக் காட்டினார்கள். இரண்டு பேர் 2023 ஜூனைக் காட்டினார்கள். அந்த மாதம்தான் சின்னப்பம்பட்டியில் அவர் அமைத்த கிரிக்கெட் மைதானத்தைத் தினேஷ் கார்த்திக் திறந்துவைத்தார்.

முந்நூறு என்ற எண்ணையும் விடவில்லை. இந்தியா முதல் டெஸ்ட் ஆடியது 1932. அங்கிருந்து 2021 ஜனவரி வரை எண்பத்தெட்டரை ஆண்டில் 300 பேர். ஆண்டுக்குச் சராசரி மூன்றே கால் முதல் மூன்றரை ஆள். நாமக்கல் மாவட்டத்தில் எத்தனை பள்ளி, பள்ளிக்கு எத்தனை பந்துவீச்சாளர் என்று அவர்களே போட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

மாணவிகள் ஒரு கேள்வி கேட்டு என்னைச் சரியாகப் பிடித்தார்கள்: "மூணு வாரமா ஆம்பளைங்க கதையேதானுங்களா சார்?" அடுத்த நாள் கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசனைக் கொண்டுவந்தேன். இந்தியக் கால்பந்து அணியின் நடுக்கள வீராங்கனை, தமிழ்நாடு காவல்துறையில் பணி. தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018இலும் 2023இலும் தேசியக் கால்பந்து வாகையர் பட்டம் வென்றது பெரும்பாலான மாணவர்களுக்கு மட்டுமல்ல, ஆசிரியர் அறையிலும் புதுச் செய்திதான். அடுத்த முறை இந்தக் கோட்டை அவரை வைத்தே போடுவதாக இருக்கிறேன். பெரியவடகம்பட்டி மாரியப்பனையும் சேர்க்கவேண்டும். ஐந்து வயதில் பள்ளிக்குப் போகும் வழியில் பேருந்து மோதிக் காலில் நிரந்தர ஊனம் அடைந்த அவரை உயரம் தாண்ட வைத்தது பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். ரியோ, டோக்கியோ, பாரிஸ் என்று மூன்று பாராலிம்பிக்கில் தங்கம், வெள்ளி, வெண்கலம். அதுவும் சேலம் மாவட்டம்தான்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். கோட்டை ஒரே நாளில் நிரப்பாதீர்கள். வெறுமையான அடிகளை மாணவர்கள் சில நாள் பார்க்கட்டும். கறுப்புக் கற்களை நீங்களே வைக்காமல் அவர்களிடம் கொடுங்கள். காணொளி எடுத்தால் பாடம் முடிந்ததும் அவர்கள் முன்னாலேயே அழித்துவிடுங்கள். ஆளுமை உயிரோடு, ஆடிக்கொண்டு இருப்பவராக இருந்தால் கோட்டின் முனையை மூடாமல் விடுங்கள்.

மூன்று வாரம் முடிந்த வெள்ளியன்று இடக்கைப் பையன் பேசவரவில்லை. திங்களன்று வழக்கம்போல வகுப்பில் இருந்தான். பட்டறைக்குச் சனிக்கிழமை மட்டும் போகிறான் என்று அவன் அம்மா சொன்னார். இப்போது ஒன்பதாம் வகுப்பு. கணக்கில் இன்னும் தடுமாற்றம்தான். மாலையில் உடற்கல்வி ஆசிரியர் அவன் முழங்கையில் பழைய தடி அட்டை ஒன்றைக் கட்டி, நின்ற இடத்திலிருந்தே வீசவைக்கிறார். வேகம் பாதியாகிவிட்டது என்று அவனுக்கு வருத்தம்.

குறுவட்டப் போட்டிகளுக்குப் பெயர் எழுதும்போது என் மேசை அருகே வந்து நின்றான்.

"செவப்புப் பந்து நம்ம ஸ்கூல்ல இருக்குதுங்களா சார்?"

விளையாட்டுப் பொருள் அறையைத் திறந்து பார்த்தோம். பீரோவின் அடித்தட்டில் ஒன்று கிடந்தது. ஒரு பக்கம் தையல் பிரிந்திருந்தது. அவன் அதைச் சட்டையில் துடைத்து, எடை பார்ப்பதுபோல இடக்கையில் இரண்டு முறை தூக்கிப் போட்டுப் பிடித்தான். செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தால் தைத்துவிடலாம் என்று எடுத்துக்கொண்டு போனான். பொருள் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான்.